கைமாறும் இடங்களில் கரையும் நாட்கள்

தனியாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்பவரிடம் எந்தக் கிளையன்ட்டும் முதல் அழைப்பிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவார். எவ்வளவு ஆகும், எத்தனை நாளாகும். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நம்மில் பலரும் ஓரளவு பழகிவிட்டோம். இரண்டாவதுதான் ஆளைச் சாய்க்கிறது. பெரிய நிறுவனத்தில் ஒரு வேலை மூன்று மாதம் தள்ளிப்போனாலும் அதில் வேலை பார்ப்பவருக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். ஃப்ரீலான்ஸ் வேலையில் பேசிய தொகை பேசியதுதான் என்பதால், தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் செய்பவரின் கூலியிலிருந்தே கழிகிறது. அடுத்த கிளையன்ட்டுக்குச் சொல்லி வைத்திருந்த தொடக்கத் தேதியும் கூடவே நகர்கிறது; அவருடைய நம்பிக்கையும் கொஞ்சம் நகர்கிறது.

பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தபின் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட் எழுதுவதற்கு ஆகும் நேரத்தை நாம் ஏறத்தாழ சரியாகவே கணிக்கிறோம். கணக்கு கெடுவது, வேலை நம் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்த் திரும்பி வரும் இடங்களில். ஆகவே எத்தனை திரைகள், எத்தனை பட்டன்கள் என்று எண்ணி நாள் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு வேலை எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணி நாள் சொல்கிறேன்.

இதை ஒரு வேலையை வைத்தே விளக்குவது நல்லது. தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் நெடுநாளாக நடந்துவரும் ஒரு திருமணத் தகவல் மையம், தன்னிடம் உள்ள வரன்களின் விவரங்களை இணையதளமாகவும் ஆண்ட்ராய்டு ஆப்பாகவும் கொண்டுவர விரும்பியது. ஆடி மாதத்தில் வரன் பார்க்கும் பேச்சு குறைந்துவிடும். ஆவணி பிறந்ததும் கூட்டம் அலைமோதும். ஆகவே அதன் உரிமையாளர் கேட்டது இப்படித்தான்: “தம்பி, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னாடி கைக்கு வந்துருமா?” அவர் சொன்னது அவருக்குத் தேவைப்படுகிற தேதி. வேலை எப்போது முடியும் என்பது வேறு கணக்கு. தேவைப்படும் தேதியைக் கேட்ட மாத்திரத்தில் நம் கணக்கு அதற்குள் அடங்கும்படி தானாகவே சுருங்கிக்கொள்வதை நான் பலரிடமும் பார்த்திருக்கிறேன். அந்தத் தேதிக்கான காரணத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். ஆனால் கணக்கை முடிக்கும்வரை அதை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

திரைகளை எண்ணினால் இது சிறிய வேலை. பதிவுப் படிவம், தேடல், வரன் விவரப் பக்கம், பொருத்தம் பார்க்கும் பக்கம், ஓடிபி வழியே உள்நுழைவு, அலுவலகத்தாருக்கான நிர்வாகப் பக்கம், கட்டணம் செலுத்தும் பகுதி. அனுபவமுள்ள எந்த டெவலப்பரும் இவற்றைப் பார்த்த உடனேயே நாள் கணக்கைச் சொல்லிவிட முடியும். அந்தக் கணக்கு பெரிதாகத் தவறவும் தவறாது.

இப்போது அந்த மையத்தின் எக்செல் கோப்புகளைத் திறந்து பார்ப்போம். பழைய கோப்புகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகத் தெரியும். புதிய கோப்புகள், இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் உள்ளன. சில பெயர்கள் ஆங்கிலத்தில் உள்ளன. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதால் இதை அரைநாள் வேலை என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் பாமினியில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது. யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைக் கருவி செய்துவிடும். கௌரியில்தான் சிக்கல் தொடங்குகிறது. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான் என்பதால், கௌரி என்ற பெயர் ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்று மூன்று துண்டுகளாகவே மாறி வந்துவிடக்கூடும். திரையில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்; தேடினால் மட்டும் கிடைக்காது. கௌதம், சௌந்தர்யா, மௌனிகா எல்லாருக்கும் இதே கதி. ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரமே என்று ஒரு விதி எழுதினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எஞ்சியவற்றையும், யூனிகோடிலேயே ளகரம் போட்டுத் தட்டச்சு செய்யப்பட்ட பெயர்களையும் ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

பிறந்த தேதிகள் இன்னும் மோசம். அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட எக்செல், ஆகஸ்ட் 5 என்று நினைத்து 05/08 என இட்டதை மே 8 ஆக எடுத்துக்கொள்ளும். 25/08 என்று இட்டால் 25 என்று ஒரு மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் சரியான தேதிகளும் தலைகீழான தேதிகளும் தேதியே அல்லாதவையும் கலந்து கிடக்கும். வேறு தொழிலாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜாதகம் பார்க்கும் இடத்தில் மூன்று மாதப் பிழையைப் பொறுக்க முடியாது. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஏறத்தாழ 27 நாட்களில் கடப்பதால், பதிவேட்டில் உள்ள நட்சத்திரமும் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்ட நட்சத்திரமும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தால் நாளும் மாதமும் இடம்மாறிய பதிவுகளில் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும். இந்தச் சோதனையை எழுதுவது எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் ஒன்று. ஆனால் அது ‘இந்தப் பதிவில் ஏதோ தவறு’ என்று மட்டுமே சொல்லும். தேதி தவறா, நட்சத்திரம் தவறா என்று தெரிய அந்தக் குடும்பத்துக்குப் போன் போட வேண்டும். போன் போடக்கூடியவர், பதிவேடுகளை இத்தனை ஆண்டுகளாகப் பராமரித்துவரும் அலுவலக அக்கா ஒருவர்தான். அவருக்கோ காலையிலிருந்து வருகிறவர்களைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் இடைவெளியில் நாலைந்து பேரைக் கூப்பிட முடிந்தால் அதிகம்.

என் பக்கம் ஓரிரு நாள் வேலை, அவர் பக்கம் பல வாரக் காத்திருப்பு. நான் எவ்வளவு வேகமாக கோட் எழுதினாலும் அந்த வாரங்களில் ஒரு மணிநேரம்கூடக் குறையாது.

ஓடிபியும் இப்படித்தான். உள்நுழைவுப் பக்கத்தை எழுதி முடிப்பது ஒரு நாள் வேலை. ஆனால் இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, அனுப்பும் நிறுவனம் முதலில் டிஎல்டி எனப்படும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு செய்தியில் அனுப்புநர் பெயராகத் தெரியும் ஹெடருக்கும், ஒவ்வொரு செய்தியின் வாசக டெம்ப்ளேட்டுக்கும் தனித்தனியே ஒப்புதல் வாங்க வேண்டும். பதிவான வாசகத்துக்கும் அனுப்பும் வாசகத்துக்கும் வேறுபாடு இருந்தால் செய்தி போய்ச் சேராது. 2021 மார்ச்சில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இந்தச் சரிபார்ப்பை முழுமையாக நடைமுறைப்படுத்தியபோது வங்கிகளின் ஓடிபிகளே நாடெங்கும் தடைப்பட்டு, ட்ராய் அதைச் சில நாட்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. பெரிய வங்கிகளுக்கே அந்த நிலை என்றால், பான் அட்டையில் ஒரு பெயரும் கடைப் பலகையில் வேறொரு பெயரும் வைத்திருக்கிற சிறு நிறுவனத்தின் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வருவதில் வியப்பில்லை. ஆவணங்கள் உரிமையாளரிடம் இருக்கும்; ஜிஎஸ்டி சான்றிதழ் ஆடிட்டரிடம் இருக்கும்; ஒப்புதல் தருவது தொலைத்தொடர்பு நிறுவனம். மூன்று கைகள்.

ஆண்ட்ராய்டு ஆப் விஷயத்தில் காத்திருப்பு விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகளிலிருந்து பிளே ஸ்டோரில் ஆப் வெளியிட வேண்டுமானால், 20 சோதனையாளர்கள் 14 நாட்கள் தொடர்ந்து சோதனையில் இருந்தாக வேண்டும் என்று கூகுள் அறிவித்தது. 2024 டிசம்பரில் அந்த எண்ணிக்கையை 12 ஆகக் குறைத்தது. ஆட்கள் குறைந்தார்களே தவிர நாட்கள் குறையவில்லை. நிறுவனக் கணக்காகத் தொடங்கினால் இந்தச் சோதனை தேவையில்லை. ஆனால் அதற்கு நிறுவனங்களை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் வேண்டும், அது கிடைக்கவும் வாரக்கணக்கில் ஆகக்கூடும். ஆப் வேலையை எடுப்பதற்குமுன் இந்த இரண்டு வழிகளில் எது என்று தீர்மானிக்காமல் தேதி சொல்பவர், இல்லாத தேதி ஒன்றைச் சொல்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

இவற்றில் எதுவும் இரகசியமல்ல. ஒரு முறை செய்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அடுத்த வேலைக்கு நாள் சொல்லும்போது இந்த அறிவு ஏன் கணக்கில் சேர்வதில்லை என்பதுதான் என்னை நெடுநாள் வாட்டிய கேள்வி. இதற்கு உளவியலாளர் டேனியல் கானமன் சொல்லும் ஒரு நிகழ்ச்சி நல்ல விடை. 1970களில் இஸ்ரேலில், முடிவெடுத்தல் பற்றிய பள்ளிப் பாடத்திட்டம் ஒன்றை எழுத அவர் ஒரு குழுவைக் கூட்டினார். எப்போது முடியும் என்று கேட்டபோது எல்லாரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். குழுவில் இருந்த பாடத்திட்ட வல்லுநர் செய்மூர் ஃபாக்ஸும் அதையேதான் எழுதினார். பிறகு கானமன் அவரிடம், இதுபோன்ற வேறு குழுக்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டார். ஃபாக்ஸ் யோசித்துவிட்டு, ஏறத்தாழ 40 சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை என்றும், முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆயின என்றும் சொன்னார். கடைசியில் அந்த வேலைக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. உண்மையான கணக்கு அந்த அறையிலேயே, ஒருவரின் தலைக்குள்ளேயே இருந்தது. கேட்கிற விதத்தில் கேட்கும்வரை அது வெளியே வரவில்லை. தன் மதிப்பீட்டை எழுதிய ஃபாக்ஸ், எதிரே இருந்த வேலையின் உள்ளே மட்டும் பார்த்தார். முடிந்துபோன வேலைகளைப் பார்க்கவில்லை.

மோசமான நிலையையும் சேர்த்து யோசித்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். 1994இல் உளவியலாளர் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்க்கிறது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கனடா மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை 33.9 நாட்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள், 48.6 என்றார்கள். உண்மையில் பிடித்தது சராசரியாக 55.5 நாட்கள். இந்த எண்களைப் பார்த்ததிலிருந்து, சிறந்த நிலை, இயல்பு நிலை, மோசமான நிலை என்று மூன்று எண்களைக் கற்பனையிலிருந்து எடுத்து, நடு எண்ணுக்கு நான்கு மடங்கு எடை கொடுத்துச் சராசரி காணும் முறையில் எனக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அந்த முறையை வகுத்தார்கள். சூத்திரம் சரியானதுதான். ஒரே தலைக்குள்ளிருந்து வரும் மூன்று எண்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சூத்திரத்தால் அவற்றை நிமிர்த்த முடியாது.

தோன்றும் நாளை இரட்டிப்பாக்கிச் சொல்லும் பழக்கமும் நம்மிடையே பரவலாக உண்டு. நான் அதை ஏற்பதில்லை. காரணம் எளியது: இரட்டிப்பாக்கிய எண்ணுக்கு நம்மிடம் விளக்கம் இருக்காது. கிளையன்ட் பேரம் பேசும்போது, நம்மாலேயே நியாயம் சொல்ல முடியாத அந்தப் பாதியை விட்டுக்கொடுத்துவிடுவோம். அதற்குப் பதிலாக, ‘டெம்ப்ளேட் ஒப்புதலுக்கு இத்தனை நாள், பிளே ஸ்டோர் சோதனைக்கு 14 நாள், தேதிகளைச் சரிபார்க்க உங்கள் அலுவலகத்துக்கு இத்தனை நாள்’ என்று பிரித்து எழுதினால், அவற்றில் பேரம் பேச ஒன்றுமில்லை என்பது கிளையன்ட்டுக்கே தெரியும். அந்த நாட்கள் என்னுடையவை அல்ல. என்னால் குறைக்கவும் முடியாது. மணிக்கணக்கில் கூலி வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு: கூலி இழப்பு குறையும். ஆனால் ஆவணி என்றைக்கு வருமோ அன்றைக்குத்தான் வரும். கிளையன்ட்டுக்குத் தேதி எப்படியும் வேண்டும்.

என் கொட்டேஷனில் இப்போது இரண்டு பகுதிகள் தனித்தனியே இருக்கின்றன. என் கையில் இருக்கும் வேலைநாட்கள் ஒரு பகுதி. பிறர் கையில் இருக்கும் காத்திருப்பு நாட்கள், யாருடைய கை என்ற குறிப்போடு, இன்னொரு பகுதி. முதல் பகுதியைப் போடும்போது, மென்பொருள் திட்டங்களை நடத்துவது பற்றி எழுதிய ஃபிரெட் ப்ரூக்ஸ் 1975இல் சொன்ன விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்கிறேன்: திட்டமிடலுக்கு மூன்றில் ஒரு பங்கு, கோட் எழுதுவதற்கு ஆறில் ஒரு பங்கு, மீதிப் பாதி முழுக்கச் சோதனைக்கு. தனி ஆளாகச் செய்யும் சிறிய வேலைகளுக்கு அந்த விகிதம் அப்படியே பொருந்தாது. ஆனாலும் கோட் எழுதும் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது என்பதை அது நன்றாக உறைக்க வைக்கிறது. இதோடு தொலைபேசி அழைப்புகள், இன்வாய்ஸ், டிடிஎஸ் விவரம், வேறு கிளையன்ட்டின் சர்வர் நின்றுபோவது என்று நாளின் ஒரு பெரும்பகுதி போய்விடுகிறது. எட்டு மணிநேர நாளில் எட்டு மணிநேர வேலை நடப்பதாக எழுதப்பட்ட எந்த அட்டவணையையும் நான் நம்புவதில்லை.

இரண்டாம் பகுதிதான் என் வேலை முறையையே மாற்றியது. காத்திருப்பு நாட்களைப் பட்டியலாக எழுதிப் பார்த்தவுடன், அவற்றில் பலவற்றை வேலையின் முதல் நாளிலேயே தொடங்கிவிடலாம் என்பது தெரிந்துவிடும். டிஎல்டி விண்ணப்பத்துக்கு ஒரு வரி கோட்கூடத் தேவையில்லை. டன்ஸ் எண்ணுக்கும் தேவையில்லை. கட்டண நுழைவாயில் நிறுவனங்கள் கணக்கைச் செயல்படுத்துமுன் தளத்தில் பணம் திருப்பித் தரும் விதிகள், தனியுரிமைக் கொள்கை, தொடர்பு விவரம் ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அந்த வாசகங்களையும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடலாம். கோட் எழுதுவது நமக்குப் பிடித்த வேலை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம். காத்திருக்க வேண்டியவற்றைக் கடைசிக்கு விடுகிறோம். அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும்போதுதான் ஒரு மாத வேலை நான்கு மாதமாகிறது. நிரல் எழுதும் வேகத்தைக் கூட்டுவதைவிட இந்த வரிசையை மாற்றுவதில் மிச்சமாகும் நாட்களே அதிகம்.

இதற்கெல்லாம் முன்பாக, தேதி சொல்லாமலேயே ஒரு சிறிய தொகைக்கு ஆய்வு வாரம் ஒன்றைத் தனி வேலையாகப் பேசிக்கொள்கிறேன். மென்பொருள் பொறியியல் அறிஞர் பாரி போம் 1981இலேயே காட்டியதுபோல, திட்டம் வெறும் எண்ணமாக இருக்கும் கட்டத்தில் போடும் மதிப்பீடு நான்கு மடங்கு வரைகூட விலகலாம். தேவைகள் தெளிவாகத் தெளிவாகத்தான் அது குறுகும். முதல் அழைப்பில் சொல்லும் எந்த எண்ணும் அந்த அகன்ற இடைவெளிக்குள்தான் விழுகிறது. ஆய்வு வாரத்தில் நான் கேட்பது அழகான தேவைப் பட்டியல் அல்ல, உண்மையான கோப்புகள். அதுவும், கிளையன்ட் எடுத்துத் தரும் சுத்தமான மாதிரி வேண்டாம், பழைய கோப்பு ஒன்று, நடுவில் ஒன்று, போன வாரத்தது ஒன்று. கௌரி கிடைக்கிறாளா என்று அப்போதே தேடிப் பார்த்துவிடுவேன்.

எல்லாம் போட்டு வந்த தேதி, கிளையன்ட்டுக்குத் தேவையான தேதியைத் தாண்டிப் போகும்போதுதான் பேச்சு கடினமாகிறது. “கொஞ்சம் முன்னபின்ன பாத்து ஆவணிக்குள்ள முடிச்சுக் குடுங்க தம்பி” என்று வயதில் மூத்தவர் அன்போடு கேட்கும்போது மறுக்க நா எழாது. அப்போது நான் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுண்டு: தொகையைக் குறைப்பது என் விருப்பம், நாளைக் குறைக்க வேலையைத்தான் குறைக்க முடியும். “அண்ணாச்சி, ஆவணிக்கு வெப்சைட்ல பதிவும் தேடலும் ஓடட்டும், ஆப்பும் பொருத்தமும் ஐப்பசிக்கு வரட்டும்” என்று பிரித்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது முழு மென்பொருள் அல்ல, அந்தப் பருவத்தைத் தவறவிடாமல் இருப்பது. தேதிக்கான காரணத்தை முன்பே கேட்டு வைத்திருப்பதன் பயன் இங்கேதான் கிடைக்கிறது.

ஒரு கைமாற்றத்தை மட்டும் எவ்வளவு முயன்றாலும் எண்ணில் அடக்க முடிவதில்லை. வேலை ஏறக்குறைய முடிந்து, எல்லாவற்றையும் காட்டியபின், “வீட்டுல ஒரு தடவ காட்டிட்டுச் சொல்றேன்” என்பார் கிளையன்ட். வெளிநாட்டில் இருக்கும் மகன், கூட்டாளியாக இருக்கும் மைத்துனர் என்று நாம் ஒருமுறைகூடப் பேசியிராத ஒருவர் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்து, நிறத்திலிருந்து தொடங்கிக் கருத்துச் சொல்வார். அவருடைய கருத்தில் நியாயமும் இருக்கும். பணம் போடுவது அந்தக் குடும்பம். ஆகவே இப்போதெல்லாம் ஆய்வு வாரத்தின் முதல் சந்திப்பிலேயே, இதைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்கள் எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, முதல் திரை தயாரான அன்றே படத்தைப் போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் கருத்துச் சொல்ல ஐந்து வேலைநாட்கள். அதற்குமேல் ஆனால் முடிவுத் தேதியும் அத்தனை நாள் தள்ளும் என்ற வரியைக் கொட்டேஷனில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை முதல் நாளே அவர்கள்முன் வாசித்துக் காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிய பிறகுதான் அட்வான்ஸ் இன்வாய்ஸ் அனுப்புகிறேன்.